கிற்றாருக்கு ஒரு மிடி வயர்

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பரொருவர் அண்மையில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். யாழ்ப்பாணத்தில் இசைக்குழுவொன்றில் கிற்றார் வாசிக்கும் தமது மருமகனுக்காக இரண்டு பெடல்களை வாங்கி வைத்திருக்கிறாராம். அவற்றை ஒன்றோடொன்றும் அம்பிளிபயரோடும் இணைப்பதற்கு மிடி வயர் வேண்டும் என்று பையன் சொல்லியிருக்கிறான். "கடையிலை அஞ்சு டொலருக்கும் வயர் கிடக்கு, அம்பது டொலருக்கும் வயர் கிடக்கு. பார்த்தால் இரண்டும் ஒண்டுதான். நீர் பத்திரிகைக்காரன், நாலு பேரிட்டை விசாரிச்சுச் சொல்லும்" என்று கேட்டிருந்தார்.

விசாரிப்பது எமது தொழில். இசைக்குழுக்காரர் சிலரிடமும், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்களிடமும், யாழ். நகரில் இன்னமும் ஈயப்பற்றுக் கோலைக் கீழே வைக்காத ஒன்றிரண்டு றேடியோ திருத்துநர்களிடமும் கேட்டறிந்தவற்றை, வாசித்து அறிந்தவற்றோடு சேர்த்து இங்கே தருகின்றேன். வெளிநாடுகளிலிருந்து ஊரிலுள்ள பிள்ளைகளுக்கு இசைக்கருவிகள் அனுப்பும் அன்பர்கள் இன்று பலர். கருவியைப் பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள், வயரை மட்டும் கடைசி நேரத்தில் கையிற் கிடைத்தபடி வாங்கிப் பெட்டிக்குள் போட்டு விடுகின்றார்கள். மேடையில் முதலிற் காலை வாருவது பெரும்பாலும் அந்த வயர்தான்.

இலங்கையில் துள்ளிசை கொடிகட்டிப் பறந்த எழுபதுகளில் கிற்றார்க்காரருக்கு வயர் பற்றிய கவலை மிகக் குறைவு. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் ஊரெங்கும் ஒலித்த காலம் அது. மின் கிற்றார் வைத்திருந்தவருக்குக் கிற்றாரிலிருந்து அம்பிளிபயருக்கு ஒரே ஒரு வயர். அந்த வயரினூடே போவது ஓசையின் மின்வடிவம். கம்பி எப்படி அதிர்கிறதோ அப்படியே மின்னும் ஏறி இறங்கும். ஆகவே வயரில் உள்ள குறை காதிலே கேட்கும். மேலுறைக் கம்பிவலை சரியில்லையென்றால் இரைச்சல் வரும். வயர் அளவுக்கு மிஞ்சி நீண்டால் அதன் மின்கொள்ளளவு கூடி, கிற்றாரின் கூர்மையான மேலோசை மங்கும். உள்ளே அறுந்திருந்தால் கரகரக்கும். தன்னிடமுள்ள பிழையை அந்த வயர் தானே வாய்விட்டுச் சொல்லிவிடும்.

மிடி வயர் அந்தச் சாதியைச் சேர்ந்ததன்று. அதனூடே ஓசை போவதில்லை; கட்டளை போகின்றது. இன்றைய கிற்றார்க்காரரின் காலடியில் நாலைந்து பெடல்கள் இருக்கும். ஒன்று ஓசையைக் கரடுமுரடாக்கும். ஒன்று எதிரொலி கொடுக்கும். இன்னொன்று பெரிய மண்டபத்தில் வாசிப்பது போன்ற முழக்கத்தைத் தரும். ஒரு பாட்டிலிருந்து மறுபாட்டுக்குப் போகும்போது இவை அத்தனையையும் தனித்தனியே காலால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. எனவே ஒரு கட்டுப்பாட்டுப் பலகையை வைத்து, அதில் ஒரு பொத்தானை மிதித்தால் எல்லாப் பெடல்களும் அம்பிளிபயரும் ஒரே கணத்தில் அடுத்த பாட்டுக்கு ஆயத்தமாகும்படி செய்துகொள்கிறார்கள். "பன்னிரண்டாம் இலக்கத்துக்கு மாறு" என்ற அந்தச் செய்தியைக் காவிச் செல்வதே மிடி வயரின் வேலை.

என் வயதொத்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கிற்றார் வயர் தொலைபேசி போன்றது. மிடி வயர் தந்தி போன்றது. தொலைபேசியில் குரல் மங்கலாகவேனும் வந்து சேரும், ஊகித்துப் புரிந்துகொள்ளலாம். தந்தி வந்தால் முழுதாக வரும். இல்லையேல் வரவே வராது. வராத தந்தியைப் பற்றி, அது வரவில்லையென்று கூட எமக்குத் தெரியாது.

இதிலிருந்தே நண்பரின் ஐந்து டொலர், ஐம்பது டொலர்க் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. மிடி வயர் கிற்றாரின் ஓசையைக் கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது. தங்கமுலாம் பூசிய வயரில் போனாலும் சாதாரண வயரில் போனாலும் பன்னிரண்டு பன்னிரண்டுதான். "இந்த வயரில் ஓசை தெளிவாக வரும்" என்று மிடி வயருக்கு யாராவது விளம்பரம் செய்தால், அந்த விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. செய்தி தவறாமற் போய்ச் சேருகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

இந்த ஏற்பாடு பிறந்தது 1983 ஆம் ஆண்டில். அமெரிக்காவின் டேவ் சிமித்தும் யப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை உருவாக்கிய இக்குத்தாரோ காக்கேஹாசியும் இதற்கு முன்னின்றவர்கள். வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பது அவர்களது எண்ணம். அவ்வாண்டு ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு போட்டி நிறுவனங்களின் கீபோட்டுகளை ஒரு வயரால் இணைத்து, ஒன்றை வாசிக்க மற்றது ஒலிக்கக் காட்டினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2013 இல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

1983 என்றால் எமக்கு யூலை மாதம்தான் நினைவுக்கு வரும். கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்க உலகம் வயர் போட்ட அதே ஆண்டில் எமது நாட்டில் நடந்தது என்னவென்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் தமிழ்நாட்டுத் திரையிசையிலே கணினியும் மிடியும் புகுந்து வேலை செய்த வேளையில், குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. இங்கே மிடி என்பது பிந்தி வந்த விருந்தாளி. அதனாற்றான் அதன் குணநலன்களைச் சொல்லித்தர மூத்த தலைமுறையென்று ஒன்று இங்கு இல்லாமற் போயிற்று.

அதன் விளைவைக் கண்முன்னே கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், வலிகாமத்தில் ஓர் அம்மன் கோயிற் பூங்காவனத் திருவிழா. மேற்கு வீதியில் மேடை, முன்னால் வெண்மணலில் சனம். இசைக்குழு சினிமாப் பாடலொன்றை வேகமாக வாசித்துக்கொண்டிருந்தது. கிற்றார்க்காரத் தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். பெடலை மிதித்துக் கிற்றாரை உறும விட்டு, சின்னப் பிள்ளைகளின் கைதட்டலையும் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் அம்மன் வீதியுலா தெற்கு வீதியால் திரும்பி மேடைக்கு அருகே வரத் தொடங்கிற்று. வழக்கப்படி குழுவினர் சினிமாப் பாட்டை நிறுத்தி அம்மன் பாடலுக்கு மாறினார்கள். புல்லாங்குழலும் தபேலாவும் மெதுவாக எழுந்தன. தம்பியும் பொத்தானை மிதித்தார். ஆனால் கிற்றார் மாறவில்லை. சாமி முன்னே வர, அதே உறுமல்.

இரண்டாவது தரம் மிதித்தார், மூன்றாவது தரமும் மிதித்தார். பிறகு கிற்றாரின் ஓசையைக் கையால் முற்றாகக் குறைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சும்மா நின்றார். "உந்தக் கிற்றாரை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்று திருவிழா உபயகாரர் ஒருவர் சத்தமிட்டது எல்லோருக்கும் கேட்டது. அடுத்த ஆண்டு அதே குழு அதே மேடைக்கு வந்தது. கிற்றாருக்கு மட்டும் வேறொருவர் வந்திருந்தார். எமது ஊர்களில் இசைக்குழுக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு திருவிழாக் காலத்தில் கிடைக்கும் அழைப்புகள்தான் அவர்களது வருமானம். ஒரு மேடையிற் பெயர் கெட்டால் பல மேடைகள் கைவிட்டுப் போகும்.

அந்தத் தம்பியைப் பின்னர் சந்தித்து விசாரித்தேன். பெடலிற் பிழையென்று நினைத்து அதைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார். பார்த்தவர்கள் பிழையொன்றுமில்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கும் காசு கட்டியாயிற்று. கடைசியில் ஊரிலுள்ள வயோதிபத் திருத்துநர் ஒருவரிடம் போயிருக்கிறார். அவர் கேட்டாராம்: "தம்பி, பெடலைக் கொழும்புக்கு அனுப்பினனீர், சரி. வயரை ஆரிட்டைக் காட்டினனீர்?"

வயரின் இரு முனைகளும் றப்பராலோ பிளாத்திக்காலோ வார்த்து மூடப்பட்டவை, திறக்க இயலாதவை. பெரியவர் கூரிய அலகால் வெட்டிப் பார்த்தார். உள்ளே ஐந்தாவது பின்னில் ஈயம் சரியாகப் பற்றவில்லை. வயர் நேராகக் கிடந்தால் கம்பி பின்னைத் தொட்டுக்கொண்டிருக்கும். காற் பட்டு வளைந்தால் விலகிவிடும். வீட்டிற் பழகும்போது நேராகக் கிடந்தது, மேடையில் வளைந்தது. அவ்வளவுதான். அந்த வயரை யார் செய்தார்கள் என்பது இங்கு முக்கியமில்லை. அப்படி மூடி வார்த்த வயர்கள் எல்லாப் பெயரிலும், எல்லா விலையிலும் வருகின்றன. மேலே பார்த்து நல்லது எது, பழுது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி அந்தப் பிளக்கின் உள்ளமைப்பைப் பார்ப்போம். இது தெரிந்தால் அரைவாசி அச்சம் நீங்கிவிடும்.

மிடியின் மூலப் பிளக் ஐந்து பின்கள் கொண்டது. டின் பிளக் என்பார்கள். ஜேர்மனியத் தர நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் அது. அரைவட்டமாக நிற்கும் பின்களின் இலக்கம் ஒழுங்காக ஒன்று, இரண்டு என்று வருவதில்லை. 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில் வரும். நடுவில் நிற்பது 2. அதற்கு இரு பக்கமும் 4 உம் 5 உம். வேலை செய்பவை இந்த மூன்றும்தான். 4 உம் 5 உம் செய்தியைக் காவும் சோடி. 2 மேலுறைக் கம்பிவலைக்கு உரியது. 1 உம் 3 உம் மூல ஏற்பாட்டிற் பயன்படுத்தப்படவில்லை.

செய்தி போகும் வேகம் செக்கனுக்கு 31,250 துணுக்குகள். இலக்கம் மாற்றும் கட்டளையொன்று வயரைக் கடக்க ஆயிரத்திலொரு செக்கன் கூடத் தேவையில்லை. பெறும் கருவியில் செய்தி நேரடியாக மின்னாக நுழைவதில்லை. ஒரு சிறு விளக்கை எரித்து அணைத்து, அந்த ஒளியின் மூலமே உள்ளே எடுத்துக்கொள்ளப்படுகின்றது. இரு கருவிகளின் மின்சுற்றுக்களும் தொட்டுக்கொள்ளாதிருக்கவே இந்த ஒழுங்கு. இதே காரணத்துக்காகப் பெறும் பக்கத்துத் துளையில் இரண்டாவது பின்னை எதனோடும் இணைப்பதில்லை. அம்பிளிபயருக்கு ஓரிடத்து மின்சாரம், பெடலுக்கு இன்னோரிடத்து மின்சாரம், நடுவில் மின்பிறப்பாக்கி என்றிருக்கும் எமது கோயில் மேடைகளில், கருவிகளை இணைத்தவுடன் எழும் உறுமலிலிருந்து தப்ப இது பேருதவி. நாற்பதாண்டுக்கு முன்னர் இதை வகுத்தவர்கள் எமது திருவிழா மேடைகளைக் கண்டதில்லை. ஆனால் கண்டவர்கள் போலத்தான் செய்திருக்கிறார்கள்.

வயரின் நீளம் 15 மீற்றரைத் தாண்டக்கூடாது என்பது விதி. எமது மேடைகளுக்கு ஐந்தாறு மீற்றரே தாராளம். தேவைக்கு மிஞ்சிய நீளம் காலில் இடறத்தான் உதவும்.

சோதிப்பதற்கு ஒரு மல்ரிமீற்றர் போதும். தொடர்ச்சி பார்க்கும் நிலையில், தொட்டால் கீச்சிடும் வகையானது வசதி. ஒரு முனையின் 4 இலும் மறுமுனையின் 4 இலும் வைத்தால் கீச்சிட வேண்டும். அவ்வாறே 5 உம் 5 உம், 2 உம் 2 உம். பிறகு 4 ஐயும் 5 ஐயும் ஒன்றோடொன்று பார்க்க வேண்டும். அங்கே கீச்சிடக் கூடாது. 2 மற்ற இரண்டையும் தொடக் கூடாது. இத்தனையும் முடிந்தபின் முக்கியமான சோதனை: மீற்றர் கீச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே பிளக்கின் கழுத்தடியில் வயரை நாலாபுறமும் வளைத்துப் பார்க்க வேண்டும். ஒலி ஒருகணமேனும் விட்டு விட்டு வந்தால் அந்த வயர் மேடைக்கு உதவாது. அந்தத் தம்பியின் வயரும் நேராகப் பிடித்துச் சோதித்திருந்தால் சித்தியடைந்திருக்கும்.

இந்த வளைத்துப் பார்க்கும் கலை எம்மவர்க்குப் புதிதன்று. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது குடாநாட்டின் மின்சாரம் போயிற்று. அது ஆண்டுக்கணக்காகத் திரும்பவில்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் சேர்ந்திருந்தது. எண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்கு வந்தது. செய்தி கேட்க சைக்கிள் டைனமோ வந்தது. அக்காலத்தில் எமக்குப் பெடல் என்றால் சைக்கிள் பெடல்தான். சைக்கிளை நிறுத்தி வைத்து ஒருவர் கையாற் பெடலைச் சுழற்ற, டைனமோவிலிருந்து இரண்டு வயர் றேடியோவுக்குப் போகும். டைனமோ தருவது ஆடலோட்ட மின். றேடியோ கேட்பது நேரோட்டம். அதற்காக இடையில் டையோட்டு வைத்து, அலைவை ஆற்ற ஒரு கொள்ளளவி வைத்து, பழைய கருவிகளிலிருந்து பிடுங்கிய துண்டுகளால் ஒப்பேற்றினார்கள். பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் அந்த இரண்டு வயரின் வழியே எமது செய்தி மேசைக்கு வந்தன.

வயரின் ஒரு முடிச்சு தளர்ந்தால் செய்தியின் நடுப்பகுதி போய்விடும். யார் சொன்னார் என்பது கேட்கும், என்ன சொன்னார் என்பது கேட்காது. அல்லது என்ன நடந்தது என்பது கேட்கும், எங்கே என்பது கேட்காது. நடுவே போனதை ஊகித்து எழுத ஆசிரியர் பீடத்தில் யாருக்கும் அனுமதியில்லை. ஆகையால் செய்தி நேரத்துக்கு முன்னரே ஒருவர் அந்த வயரை முனைக்கு முனை தடவி, வளைத்து, ஆட்டிப் பார்ப்பார். தளர்ந்த இடத்தைப் பழைய சவர அலகாற் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைப்பார். மின்சாரமில்லாத ஊரில் ஈயப்பற்றுக் கோலைச் சிரட்டைக் கரியிற் சூடாக்கிய திருத்துநர்களை நான் அறிவேன். புதிய வயர் வாங்க முடியாத காலம் அது. ஆகவே கையிலுள்ள வயரை நம்பத்தக்கதாக்கிக் கொள்வதே வழி.

இன்று வயருக்குத் தட்டுப்பாடில்லை. தட்டுப்பாடெல்லாம் அந்தப் பழக்கத்துக்குத்தான். விலையும் பெயரும் நம்பிக்கைக்கு ஈடென்று எண்ணுகின்றோம். செய்தியானாலும் வயரானாலும், இரண்டு முனையையும் நாமே பார்த்து உறுதிசெய்த பின்னர்தான் நம்பத்தக்கது. பார்க்கவே விடாதபடி மூடிக் கிடப்பதை நம்புவது நம்பிக்கையன்று, அதிர்ஷ்டம்.

ஆகவே வயர் தெரிவதற்கு நான் கண்ட முதல் விதி இது: பிளக்கைத் திறக்கக் கூடிய வயரை வாங்குங்கள். உலோக உறையைத் திருகியோ தள்ளியோ கழற்றினால் உள்ளே ஐந்து பின்னும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வயரைக் கழுத்தில் இறுகப் பிடிக்கும் கவ்வி இருக்க வேண்டும். இழுவை ஈயத்தில் விழாமற் காப்பது அதுதான். நியூட்ரிக் நிறுவனம் ரீன் என்ற பெயரில் விற்கும் டின் பிளக்குகள் இவ்வகையின. இப்படியான பிளக் இரண்டும், உள்ளே முறுக்கிய சோடியும் மேலே கம்பிவலையும் கொண்ட வயரும் இருந்தால், ஊர்த் திருத்துநர் ஒருவர் அரைமணி நேரத்திற் செய்து தருவார். பிற்காலத்தில் அறுந்தாலும் அவரே சரிசெய்வார்.

இரண்டாவது, பழைய வயர்களில் எச்சரிக்கை. ஜேர்மனிய றேடியோக்களிலும் ரேப் றெக்கோடர்களிலும் இதே ஐந்து பின் பிளக் இருந்தது. வீட்டுப் பரணில் அத்தகைய வயர் கிடந்தால் அது மிடித் துளையில் அழகாகப் பொருந்தும். ஆனால் உள்ளே பின்கள் மாறி இணைக்கப்பட்டிருக்கலாம்; 4 இலும் 5 இலும் கம்பியே இல்லாமலும் இருக்கலாம். மீற்றர் வைக்காமல் அதை மேடைக்கு எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, கட்டுப்பாட்டுப் பலகைகள் சில தமக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே வயரில், பயன்படாத 1 ஆம், 3 ஆம் பின்களினூடே பெற்றுக்கொள்ளும். அப்படியான பலகைக்கு ஐந்து பின்னும் இணைத்த வயர் வேண்டும். மூன்று பின் மட்டும் இணைத்த வயர் வேறெங்கும் குறையின்றி வேலை செய்யும். இங்கே பலகை உயிர்க்கவே மாட்டாது. கருவியின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

நான்காவது, இன்று வெளிநாட்டிலிருந்து வரும் பெடல்களில் மிகுதியாகக் குழப்பம் தருவது. சிறிய பெடல்களில் ஐந்து பின் பிளக்குக்கு இடமில்லை. எனவே தலையிற் செருகும் ஒலிபெருக்கிக்குரியதைப் போன்ற 3.5 மில்லிமீற்றர்ப் பிளக்கைப் பயன்படுத்துகிறார்கள். எந்தக் கம்பி பிளக்கின் நுனிக்கு, எது நடு வளையத்துக்கு என்பதில் நிறுவனங்கள் தொடக்கத்தில் ஒத்துப்போகவில்லை. ஏ வகை, பி வகை என இரண்டு முறைகள் உருவாயின. 2018 இல் மிடி சங்கத்தினர் ஏ வகையே பொதுவிதி என்று அறிவித்தார்கள். ஏ வகையில் நுனி ஐந்தாவது பின்னுக்கும் வளையம் நான்காவது பின்னுக்கும் உரியவை. பி வகையில் இவை இடம்மாறும். அதற்கு முன்னர் செய்யப்பட்ட பி வகைக் கருவிகள் இன்னமும் புழக்கத்தில் உள்ளன. மாறிச் செருகினால் செய்தி போகாது, வேறு சேதம் பெரும்பாலும் நேராது. பெட்டியில் ஏ, பி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத வயரை வாங்காதீர்கள்.

ஐந்தாவது, யூஎஸ்பி துளையுள்ள பெடலை யூஎஸ்பி வயரால் இன்னொரு பெடலோடு நேரே இணைக்கலாம் என்று எண்ண வேண்டாம். நடுவே ஒரு கணினியோ அதன் வேலையைச் செய்யும் வேறொரு கருவியோ இருந்தாற்றான் அந்தப் பேச்சு நடக்கும்.

இவ்வளவும் சரியாயிருந்தும் பெடல் மாறவில்லையானால், வயரைக் குற்றம் சொல்லுமுன் வேறு இரண்டைப் பார்க்க வேண்டும். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதையாகிவிடக் கூடாது. மிடியில் பதினாறு தடங்கள் உண்டு. அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே தடத்தில் இருக்க வேண்டும். அடுத்தது இலக்கம். சில கருவிகள் 0 இலிருந்து 127 வரை எண்ணும்; சில 1 இலிருந்து 128 வரை எண்ணும். நாம் பன்னிரண்டை அழைக்கப் பதின்மூன்று வந்து நிற்பது இதனால்தான். பெடல் அறவே அசையாதிருந்தால் தடத்தையும், ஓர் இலக்கம் தள்ளி மாறினால் எண்ணும் முறையையும், சில வேளை மாறிச் சில வேளை மாறாதிருந்தால் வயரையும் பாருங்கள். பல பெடல்களைச் சங்கிலியாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பவர்களுக்கு ஒரு சொல்: மூன்று நான்கு கருவிகளைத் தாண்டினால் செய்தியின் விளிம்புகள் தேயத் தொடங்கலாம். ஒரு செய்தியைப் பல வாயில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சிறு பெட்டி அப்போது கைகொடுக்கும்.

குடாநாட்டின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் கடல் தூரமில்லை. சோளகம் வீசும் காலத்திற்றான் எமது திருவிழாக்களிற் பெரும்பகுதி நடக்கின்றது. அக்காற்று புழுதியையும் உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். வாடைக்காலத்து ஈரம் மிச்சத்தைச் செய்யும். செம்பு பச்சை பூக்கும், பின்கள் கறுக்கும். தங்கமுலாம் ஓசைக்கு உதவாது என்று சொன்னேன். கறுக்காதிருக்க ஓரளவு உதவும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்காகப் பத்து மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. நிகழ்ச்சி முடிந்தவுடன் உலர்ந்த துணியால் பின்களைத் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் சாதாரணப் பிளக்கே பல ஆண்டு வரும். வயரை முழங்கையில் இறுகச் சுற்றுவதை விட்டு, தளர்ந்த வளையமாகச் சுருட்டித் துணி நாடாவாற் கட்டுங்கள். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து இழுங்கள். டின் பிளக்குக்குப் பூட்டு இல்லை, சிறு இழுவைக்கே கழன்றுவிடும். ஆகவே அம்பிளிபயரின் கைபிடியில் வயரை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டுப் பின்னர் செருகுவது மேடையறிந்தவர்களின் வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, சோதித்த மாற்று வயர் ஒன்று பையில் இருக்க வேண்டும். சோதியாத மாற்று வயர் மாற்று ஆகாது.

பெடலோடு சேர்த்து ஒரு சிறிய மல்ரிமீற்றரையும் திறக்கக் கூடிய பிளக்குகள் நாலையும் அனுப்புங்கள் என்பதே வெளிநாட்டு அன்பர்களுக்கு நான் சொல்வது. ஐம்பது டொலர் வயரை விட அவை நீண்ட காலம் பயன்படும்.

பெரியவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. திருத்தக் கொடுக்க வருவோர் குறைந்துவிட்டார்கள். பழுதானதை வீசிவிட்டுப் புதிது வாங்குவதே இப்போதைய வழக்கம். கற்க வருவோர் அதனினும் குறைவு. ஆனால் பூங்காவன இரவில் தலைகுனிந்து நின்ற அந்தத் தம்பி, தமது வயர்களைத் தாமே செய்யக் கற்றுக்கொண்டார். பிளக்கின் கழுத்தில் ஒரு துண்டு வெள்ளை ரேப் ஒட்டி, கடைசியாகச் சோதித்த திகதியை அதில் எழுதி வைத்திருக்கிறார். இப்போது வேறொரு குழுவில் வாசிக்கிறார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முதல்நாள் பின்னேரம் மீற்றரை எடுத்துக்கொண்டு விறாந்தையில் இருந்துவிடுவாராம். அந்தக் குழுவிலுள்ள மற்றவர்களும் இப்போது தங்கள் வயர்களை அவரிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.